புள்ளி தெரியாத திரை

2023 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆசிரியரைப் பார்க்கக் கும்பகோணம் போயிருந்தேன். முதுகலை வகுப்பில் எனக்கு இலக்கணமும் சுவடியியலும் சொல்லிக்கொடுத்தவர். தொலைபேசியில், "ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அவர் அப்படிக் கூப்பிடுகிறவர் அல்லர். நாமாகப் போனால் மகிழ்வார். போகாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டார்.

கூடத்து மேசைமீது வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. அவர் பதினோரு ஆண்டுகளாகப் பதிப்பித்துவந்த தலபுராணத்தின் குறிப்பேடுகள். அச்சேறாத நூல். ஒரே சுவடிதான் கிடைத்திருக்கிறது. அதன் ஒளிப்படங்களைக் கணினியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஏடாகப் படித்து, தட்டச்சு செய்து, அடிக்குறிப்பு எழுதிவந்தார். எண்ணூற்றுச் சொச்சம் பாடல்களில் அறுநூறு முடிந்திருந்தது.

"எடுத்துக்கொண்டு போப்பா. மிச்சத்தை நீ பார்த்துக்கொள்" என்றார்.

"ஏன் ஐயா?"

"புள்ளி தெரியவில்லை."

சித்திரையில் அவருக்கு வலக்கண்ணில் புரை நீக்கும் அறுவை நடந்திருந்தது. இடக்கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி சில ஆண்டுகளாகவே தேய்ந்துவருகிறது. அதற்குச் செய்யக்கூடியது அதிகமில்லை என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அறுவைக்குப் பிறகு மூன்று வாரம் கணினிப் பக்கம் போகவில்லை. வைகாசியில் மறுபடி உட்கார்ந்தபோது எழுத்து தெரியவில்லை. தட்டிய எழுத்து ககரமா ககர ஒற்றா என்று புலப்படவில்லை. கண்ணாடியை இரண்டு முறை மாற்றிப் பார்த்திருக்கிறார். பிறகு கணினியைத் துணிபோட்டு மூடிவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் சமையலறையிலிருந்து வந்து, "மூணு மாசமா ராத்திரியிலே தூங்கறதே இல்லை" என்று மெல்லச் சொன்னார்.

நான் மறுத்துப் பேசவில்லை. எழுபத்தேழு வயதில் ஒருவர் தம் கண்ணைப் பற்றிச் சொல்லும்போது நாம் என்ன மறுப்பது? தட்டச்சு செய்த கோப்புகளை நகலெடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கணினியை உயிர்ப்பித்தேன்.

நிற்க. இங்கே நான் இருபது ஆண்டுகள் பின்னால் போகவேண்டியிருக்கிறது.

*

2002இல், நான் படிப்பை முடித்த கையோடு, ஐயா ஒரு பழைய கணினி வாங்கினார். அதோடு வந்தது பதினைந்து அங்குலக் கண்ணாடிக் குழாய் மானிட்டர். யாரோ பயன்படுத்தி விற்றது, கையேடு இல்லை, பின்புறத்து ஒட்டுத்தாளும் பாதி கிழிந்திருந்தது. கணினி ஆய்வகத்தில் வேலைபார்த்த நண்பர் ஒருவர் லினக்ஸ் குறுந்தகடுகளைக் கொடுத்தார். காசில்லாமல் கிடைத்தது என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு கொள்கை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

நிறுவியாயிற்று. படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக் கட்டளைவரி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. சாளரங்களும் சுட்டியும் வேண்டுமானால் எக்ஸ் விண்டோ என்ற தனி மென்பொருள் இயங்கவேண்டும். 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கி, 1987இல் பதினோராம் பதிப்பை எட்டிய முறை அது. அதைச் சாதாரணக் கணினிகளுக்கு இலவசமாகக் கொண்டுவந்தது எக்ஸ்ஃப்ரீ86 என்ற திட்டம். அதற்கு ஒரு கோப்பு உண்டு. எந்த வரைகலை அட்டை, எந்த மானிட்டர், எத்தனை புள்ளிகள், நொடிக்கு எத்தனை முறை என்பதையெல்லாம் அந்தக் கோப்பில் நாமே எழுதித்தரவேண்டும்.

கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு மின்னணுக் கதிர் ஓடுகிறது. இடமிருந்து வலமாக ஒரு வரியை வரைந்துவிட்டு, அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகிறது. கடைசி வரி முடிந்ததும் மேலே முதல் வரிக்கு வருகிறது. ஏட்டில் எழுதுகிறவர் வரி முடிந்ததும் எழுத்தாணியைத் தூக்கி மறுபடி இடப்பக்கம் கொண்டுபோவதுபோலத்தான். தூக்கிக்கொண்டுபோக நேரம் ஆகும் அல்லவா? அந்த நேரத்துக்கும் கணக்கு வேண்டும். 1024க்கு 768 என்ற திரைக்கான வரி எனக்கு இன்றும் மனப்பாடம். 65.00 என்று தொடங்கும். நொடிக்கு 6.5 கோடிப் புள்ளி என்பது அதன் பொருள். கண்ணுக்குத் தெரிகிற புள்ளிகள் வரிக்கு 1024தான். ஆனால் கதிர் திரும்பும் நேரத்தையும் சேர்த்து வரியின் நீளம் 1344 புள்ளி. வரிகளும் அப்படியே: தெரிவது 768, கணக்கில் 806. 6.5 கோடியை 1344ஆல் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 48,360 வரி. அதை 806ஆல் வகுத்தால் 60. நொடிக்கு 60 முறை திரை முழுவதும் வரையப்படுகிறது. யாப்பிலக்கணத்தில் சீர் பிரித்து, தளை பார்த்துப் பழகிய எனக்கு இந்த வகுத்தல் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். உண்மை அதுதான்.

ஆனால் அந்தக் கோப்போடு ஓர் எச்சரிக்கையும் வந்தது. மானிட்டருக்குத் தாங்காத அதிர்வெண்ணை எழுதிவிட்டால் மானிட்டர் பழுதாகலாம். அக்காலத்துப் பழைய மானிட்டர்களுக்கு அந்த அபாயம் உண்மையாகவே இருந்தது. ஆகவே எந்த மானிட்டரும் தாங்கக்கூடிய 640க்கு 480இல் தொடங்கினேன். ஒவ்வொரு படியாக ஏற்றினேன். அளவு மீறினால் குழாய்க்குள்ளிருந்து கீச்சென்று மெல்லிய ஓசை வரும். படம் சாய்கோடுகளாகக் கிழியும். உடனே கன்ட்ரோல், ஆல்ட், பேக்ஸ்பேஸ் மூன்றையும் ஒருசேர அழுத்தினால் எக்ஸ் நின்றுவிடும். என் விரல்கள் அந்த மூன்று விசைகளின்மேல் இருந்தன. ஐயாவின் கை சுவரிலிருந்த சுவிட்சின்மேல் இருந்தது. இரவு பதினொரு மணிக்கு 1024க்கு 768 நிலையாக நின்றபோது அம்மா இருவருக்கும் தோசை வார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ஐயா ஒரு கேள்வி கேட்டார். "தன்னால் எவ்வளவு முடியும் என்று சொல்ல அந்தப் பெட்டிக்கே தெரியாதா?"

*

தெரியும் என்பதைப் பிறகுதான் கற்றேன். மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் முறையை வெசா என்ற தரப்படுத்தும் அமைப்பு 1994இல் வகுத்தது. அதன் பெயர் இடிஐடி. மானிட்டருக்குள் ஒரு சிறு நினைவகத்தில் 128 பைட் அளவில் எழுதிவைத்த அறிமுகச் சீட்டு அது. முதல் எட்டு பைட்டும் எல்லாச் சீட்டுக்கும் பொது. இது இன்ன வகைச் சீட்டு என்று அடையாளம் காட்டுவன. அடுத்துத் தயாரித்தவரின் மூன்றெழுத்துக் குறி, வரிசை எண், தயாரித்த வாரம், ஆண்டு. ஆண்டை 1990இலிருந்து எண்ணுவார்கள். பிறகு திரையின் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில். அதன்பின் அந்தத் திரை காட்டக்கூடிய அளவுகள். மேலே சொன்ன கணக்கு வரிகளே சுருக்கமான வடிவில். கடைசி பைட் சரிபார்க்க: 128 எண்களையும் கூட்டி 256ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது. மீதி வந்தால் சீட்டு சிதைந்திருக்கிறது என்று பொருள். ஓர் ஏட்டுக்கட்டில் எத்தனை ஏடு, எத்தனை பாடல் என்று எழுதிவைத்தால் பின்னால் வருகிறவர் குறையைக் கண்டுபிடிப்பதுபோல.

பழைய நீலத்தலை விஜிஏ வடத்தில் பதினைந்து ஊசிகள் உண்டு. அவற்றில் 12ஆவதும் 15ஆவதும் இந்தச் சீட்டை வாசிப்பதற்கானவை. படம் வேறு ஊசிகளின் வழியே போகிறது. ஆகவே அந்த இரண்டும் இல்லாவிட்டாலும் படம் வரும். மானிட்டர் யாரென்று மட்டும் தெரியாது.

ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர் வழக்கம்போலச் சுவடிக்குப் போய்விட்டார். தொல்காப்பியம் மெய்யெழுத்துக்குப் புள்ளி வேண்டும் என்கிறது. குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி வேண்டும் என்கிறது. ஆனால் நமக்குக் கிடைக்கும் ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். காலும் ரகரமும் ஒரே வடிவம். கொம்பு ஒற்றையா இரட்டையா என்ற வேறுபாடு இல்லை. ஆகவே கொம்பு, சகரம், கால் என்று மூன்று வடிவம் வரிசையாக இருந்தால் அதைச் செர என்றும் சேர என்றும் சொ என்றும் சோ என்றும் படிக்கலாம். வயலைப் பற்றிய பாட்டில் செறு என்று படிப்பதா சேறு என்று படிப்பதா? இரண்டும் வயலில் உள்ளவைதாம்.

"எழுதினவனுக்குப் புள்ளி தேவைப்படவில்லை. படிக்கிறவன் போட்டுக்கொள்வான் என்ற நம்பிக்கை. உன் 12ஆவது ஊசி இல்லாத வடம்தான் ஓலை. படம் வந்துவிடும். என்ன என்று நீதான் சொல்லவேண்டும்" என்றார்.

இந்த ஒப்புமை சரியா என்று வகுப்பில் மாணவர்கள் கேட்டால் நான் தயங்குவேன். ஆனால் அவரிடம் பாடம் கேட்டவர்களுக்கு இப்படித்தான் எதுவும் விளங்கும்.

*

பின்னர் எல்லாம் மாறியது. 2004இல் உரிமத் தகராறில் எக்ஸ்ஃப்ரீ86இலிருந்து பலர் விலகினார்கள், எக்ஸ்.ஆர்க் வந்தது. கோப்பின் பெயர் எக்ஸார்க்.கான்ஃப் ஆயிற்று. 2007இல், ஓடிக்கொண்டிருக்கும்போதே திரைகளைச் செருகவும் கழற்றவும் அளவை மாற்றவும் வழி வந்தது. 2008, 2009 வாக்கில் அந்தக் கோப்பே இல்லாமல் எக்ஸ் எழுந்து நின்றது. மானிட்டரின் சீட்டை வாசித்து, அது மிகவும் விரும்புவதாகச் சொல்லும் அளவை எடுத்துக்கொண்டது. சற்றுப் பின்னர் லினக்ஸின் கருவே அந்தப் பொறுப்பை ஏற்றது. என் கணினியில் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடங்கி, படம் தானாக வந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். அந்தக் கீச்சொலியை மறுபடி கேட்கவேண்டாம் என்பதே பெரிய விடுதலை.

தானாக நடப்பதை இகழ்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கையால் எழுதிய காலத்தில் எத்தனை பேர் படமே வராமல் விட்டுப்போனார்கள்! ஐயாவின் வீட்டில் நான் இருந்தேன். கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாத வீடுகள்தாம் மிகுதி. அந்தக் கோப்பை எழுதத் தெரிந்ததில் எங்களுக்கு ஒரு சிறு செருக்கும் இருந்தது. அந்தச் செருக்குக்காகப் பிறர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டுமா?

ஆனால் தானாக அறிவது என்பது சீட்டை வாசிப்பதுதான். சீட்டு வராவிட்டால்? கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் ஒருமுறை நேர்ந்தது. மேடையிலிருந்து கூரைவரை நீண்ட வடம். அந்த இரண்டு ஊசிகளுக்கு உள்ளே கம்பி இல்லை. பட எறிவி யாரென்று என் மடிக்கணினிக்குத் தெரியவில்லை. பொதுவாகப் பொருந்தும் என்று 1024க்கு 768ஐ அனுப்பியது. எறிவியோ 1280க்கு 800. அகலம் இழுபட்டு, எழுத்தெல்லாம் பருத்து, கல்வெட்டுப் படியில் வட்டெழுத்து எது கிரந்தம் எது என்று பின்வரிசைக்குத் தெரியவில்லை. கட்டளைவரியைத் திறந்து 83.50 என்று தொடங்கும் வரியைக் கணித்துத் தரச்செய்து கையால் சேர்த்தேன். படம் சரியாயிற்று. பழைய கணக்கு கைகொடுத்த பெருமிதத்தில் அன்று உரை ஐந்து நிமிடம் நீண்டதாக நண்பர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

சீட்டு பொய் சொல்வதும் உண்டு. தொலைக்காட்சிகள் சில, தம் திரை 16 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம் என்று அறிவிக்கும். அகல உயர விகிதத்தை அளவென்று எழுதிவைத்ததன் விளைவு. சுவரை அடைத்து நிற்கும் பெட்டி தன்னை உள்ளங்கை அகலம் என்று சொல்லிக்கொள்கிறது. எழுத்தின் அளவைக் கணக்கிடப் பல மென்பொருள்கள் இந்தச் சென்டிமீட்டரை நம்புவதில்லை. அங்குலத்துக்கு 96 புள்ளி என்று பொதுவாக வைத்துக்கொள்கின்றன.

சீட்டு உண்மையே சொன்னாலும் அதில் இல்லாத ஒன்று இருக்கிறது. 128 பைட்டில் திரையைப் பற்றி எல்லாம் உண்டு. எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி ஒரு பைட்டும் இல்லை.

*

2014இல் ஐயாவின் குழாய் மானிட்டர் உயிரை விட்டது. தட்டைத் திரை வாங்கினார். 21.5 அங்குலம், 1920க்கு 1080 புள்ளி. தானாகவே படம் வந்தது. கூர்மையான படம். ஆனால் ஒரு புள்ளியின் அகலம் கால் மில்லிமீட்டர். வழக்கமான எழுத்து அதில் 4 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அப்போதே அவருக்கு அது போதவில்லை. நான் எக்ஸார்க்.கான்ஃப் கோப்பை மறுபடி உண்டாக்கி, 1280க்கு 720 என்று எழுதிவைத்தேன். ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரை மடங்காயிற்று. எழுத்து 6 மில்லிமீட்டர். விளிம்புகள் சற்று மங்கின. தட்டைத் திரைக்குத் தன் இயல்பான அளவைத் தவிர வேறு அளவில் கூர்மை வராது. "மங்கல் பரவாயில்லை, பெரிதாக இருந்தால் போதும்" என்றார். ஒன்பது ஆண்டு, அறுநூறு பாடல், அந்தத் திரையில்தான் நடந்தது.

இதைத்தான் நான் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுகூர்ந்தேன். கணினி உயிர்பெற்றதும் நானே முன்னால் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. எனக்கு இன்னும் கண் அவ்வளவு மோசமில்லை. திரை அமைப்பைத் திறந்தேன். 1920க்கு 1080.

அம்மாவிடம் விசாரித்தேன். ஐயா அறுவைக்குப் பின் ஓய்வில் இருந்தபோது, எதிர்வீட்டுப் பொறியியல் மாணவன் வந்து, பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி, இயங்குதளத்தைப் புதுப்பித்துக் கொடுத்திருக்கிறான். நல்ல பையன். ஒரு கோப்பும் இழக்காமல் கவனமாகச் செய்திருக்கிறான். அவன் மேல் பிழையில்லை.

நடந்தது இதுதான். எக்ஸ் முறைக்கு மாற்றாக, 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய முறை இப்போது பல இடங்களில் இயல்பாகிவிட்டது. அதில் திரையை அமைப்பது வேறொரு மென்பொருளின் பொறுப்பு. அது எக்ஸார்க்.கான்ஃப் கோப்பைத் திறந்தே பார்ப்பதில்லை. தேடினேன், நான் 2014இல் எழுதிய கோப்பு, எழுதிய இடத்திலேயே, ஒரு எழுத்தும் குறையாமல் இருந்தது. அதைப் படிப்பார்தான் இல்லை. புதிய மென்பொருள் திரையின் சீட்டை வாசித்து, அது விரும்பும் அளவைக் கொடுத்துவிட்டது. திரைக்கு அது மிகச் சரியான அளவு. எழுத்து நீளத்திலும் அகலத்திலும் மூன்றில் இரண்டாகச் சுருங்கியது. பரப்பில் பாதிக்கும் கீழே.

மூன்று வாரம் திரையைப் பார்க்காத ஒருவர், புதிய கண்ணோடு வந்து உட்கார்கிறார். முகப்பின் நிறமும் படங்களும் புதிய பதிப்பில் எப்படியும் மாறியிருக்கின்றன. எழுத்து சிறுத்துவிட்டது என்று அவர் எப்படி நினைப்பார்? கண் போய்விட்டது என்றுதான் நினைப்பார்.

நான் பழைய கோப்புக்கு உயிர்கொடுக்க முயலவில்லை. திரை 1920க்கு 1080இலேயே இருக்கட்டும், அந்தக் கூர்மை நல்லதுதான் என்று விட்டுவிட்டு, அளவு பெருக்கத்தை 150 விழுக்காடு என்று வைத்தேன். தட்டச்சு மென்பொருளில் எழுத்தை இன்னும் ஒரு படி ஏற்றினேன். பத்து நிமிட வேலை. பிறகு ஐயாவை அழைத்தேன்.

அவர் வரத் தயங்கினார். பார்த்துவிட்டு மறுபடி தெரியாமல் போனால் என்ன செய்வது என்ற தயக்கம் என்று நினைக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துண்டால் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசியாகத் தட்டியிருந்த பாடலைப் பார்த்தார். உதடு அசைந்தது. இரண்டாம் அடியில் விரலை வைத்தார்.

"இங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது" என்றார். விசையை அழுத்திப் புள்ளி வைத்தார். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

*

காப்பி வந்தது. "யாரப்பா மாற்றினது?" என்று கேட்டார்.

"யாரும் மாற்றவில்லை ஐயா. தானாக மாறியிருக்கிறது."

"ஏடெழுதுகிறவர்களில் ஒரு வகை உண்டு. மூலத்தில் ஒரு சொல் தனக்குப் புரியவில்லை என்றால், பிழை என்று நினைத்துப் புரிந்த சொல்லைப் போட்டுவிடுவான். கெட்ட எண்ணம் கிடையாது. திருத்துகிறோம் என்றுதான் செய்வான். குறிப்பு மட்டும் எழுதமாட்டான். அதைக் கண்டுபிடிக்க நமக்குப் பத்து வருஷம் ஆகும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது சரி, 2014இல் நீ எழுதினாயே, நீ எழுதிவைத்தாயா குறிப்பு?"

எழுதவில்லை. அந்தக் கோப்பில் # என்ற குறியிட்டு எதை எழுதினாலும் கணினி அதைப் பொருட்படுத்தாது. மனிதர்கள் படிப்பதற்காகவே அந்த வசதி. பாடபேதத்துக்கு ஏன் காரணம் எழுதவேண்டும் என்று வாரம் இருமுறை வகுப்பெடுக்கிறவன், 1280க்கு 720 என்று எழுதினேனே தவிர ஏன் அப்படி எழுதினேன் என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் எதிர்வீட்டுப் பையன் கண்ணில் பட்டிருக்கலாம். அவனுக்குத் தொலைபேசியிலாவது நான் சொல்லியிருக்கலாம். ஐயாவிடமே, எழுத்து சிறுத்தால் கண்ணைச் சந்தேகிக்குமுன் என்னைச் சந்தேகியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அளவைக் கையால் வைத்தவன் நான். இயந்திரம் அதை மறந்தபோது நினைவில் வைத்திருக்கவேண்டியவனும் நான்தான். மூன்று மாதம் அவர் தம் கண்ணை நொந்துகொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையமர்த்திவிட்டு, "ஒரு தாள் எடு" என்றார். புதிய முறையில் இந்த அமைப்புகள் எல்லாம் பொத்தான்களை அழுத்திச் செய்பவை. குறிப்பெழுத அங்கே இடமில்லை. ஆகவே தாள். சுவடியின் இறுதியில் ஏடெழுதியவர் ஆண்டு, மாதம், நாள், எழுதியவர் பெயர், யாருக்காக எழுதியது என்று முடிப்பார்கள். அவர் அந்த முறையிலேயே சொல்லச்சொல்ல நான் எழுதினேன். சோபகிருது ஆண்டு, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை. எழுத்தின் அளவு ஒன்றரை மடங்கு. புரை நீக்கிய வலக்கண்ணுக்காக வைத்தது. மாற்றுகிறவர் சொல்லிவிட்டு மாற்றவும். கீழே என் பெயரும் தொலைபேசி எண்ணும்.

அதை மடித்து, மானிட்டரின் பின்புறத்தில் ஒட்டினேன். பழைய குழாய் மானிட்டரில் கிழிந்த ஒட்டுத்தாள் இருந்த அதே பக்கம்.

மூட்டையை எடுத்துக்கொள்ளாமல்தான் திரும்பினேன். இடக்கண் தேறவில்லை, தேறாது. காலையில் ஒரு மணிநேரத்துக்குமேல் அவரால் உட்கார முடிவதில்லை. அந்த ஒரு மணியில் நாளைக்கு ஒரு பாடல் முடிந்தால் அதிகம். மார்கழியில் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். எதிர்வீட்டுப் பையன் வந்து, ஏதோ புதுப்பிக்கவேண்டும் என்று சொன்னானாம். "பின்னால் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டுச் செய் என்றேன். படித்தான். 'சோபகிருது' என்றால் என்ன தாத்தா என்று கேட்கிறான். அரைமணி நேரம் அறுபது ஆண்டுக் கணக்குப் பாடம் நடந்தது" என்றார்.

திரை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"புள்ளி தெரிகிறது" என்றார்.